காவடிக்குப் பக்கத்தில் நடப்பவர்: நடன அசைவுச் சிகிச்சை படிக்க நினைக்கும் மொரீசியஸ் மாணவர்களுக்கு

என்னிடம் பரதம் கற்கும் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருத்தியாவது, வகுப்பு முடிந்து சலங்கையை அவிழ்க்கும்போது மெல்லக் கேட்டுவிடுவாள்: "மிஸ், புதன்கிழமை நீங்க அந்தப் பிள்ளைகளோட செய்யறீங்களே, அதை நானும் படிக்கலாமா?" அவளுக்கு வயது 16, 17 இருக்கும். எச்.எஸ்.சி.க்கு என்ன பாடம் எடுப்பது என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கும். ஆட்டமும் விடக்கூடாது, மனிதர்களுக்கும் உதவ வேண்டும், அப்பாவும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றும் சேருமா என்பதுதான் கேள்வி.

சேரும். ஆனால் நம் தீவில் இதற்குப் போட்டுவைத்த பாதை கிடையாது. அவள் கேட்கும் நடன அசைவுச் சிகிச்சைக்கு இங்கே முதுகலைப் படிப்பு இல்லை. வெளியே போய்த்தான் படிக்க வேண்டும், திரும்பி வந்து வேலையையும் நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதனால் பெரிய பணத்தைக் கட்டுவதற்கு முன் இது நமக்கு ஒத்துவருமா என்று செலவில்லாமல் சோதித்துப் பார்க்க என்னென்ன வழி உண்டோ, அதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் வெளிநாட்டில் முதுகலை முடித்துத் திரும்பியவள். இதில் பாதி, எனக்கு யாரும் அன்று சொல்லாதவை.

முதல் படி: இது என்ன, எது இதல்ல

1942-இல் வாஷிங்டனில் மரியன் சேஸ் என்ற நடன ஆசிரியை செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனைக்குள் வேலைக்குப் போனார். அதற்கு முன்பே அவருடைய வகுப்புக்கு வந்தவர்களில் பலர் மேடைக்காக வரவில்லை, ஆடிவிட்டுப் போனால் மனம் இலேசாகிறது என்பதற்காகவே வந்தார்கள். அதைக் கவனித்த மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை அவரிடம் அனுப்பத் தொடங்கினார்கள். பேச்சே நின்றுபோன மனிதர்களோடு, அவர்கள் எப்படி அசைகிறார்களோ அப்படியே தானும் அசைந்து பழகினார் சேஸ். 1966-இல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே. வட்டமாக நிற்பது, ஒரே தாளத்தில் சேர்வது, எதிரில் இருப்பவரின் அசைவைத் தன் உடலில் வாங்கித் திருப்பிக் காட்டுவது என்று இன்றும் நாங்கள் செய்வதில் பெரும்பகுதி அவரிடமிருந்து வந்தது.

ஒரு வரியில் சொன்னால், அசைவின் வழியே செய்யும் உளச்சிகிச்சை இது. அந்த வரியில் 'உளச்சிகிச்சை' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்தில் பாட்டுப் போட்டு எல்லாரையும் கைதட்ட வைப்பது நல்ல காரியம். நியூயார்க்கில் மார்க் மாரிஸ் நடனக் குழு பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்காக 2001 முதல் நடத்தும் வகுப்புகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை நடத்துவோரே அவற்றை நடன வகுப்பு என்றுதான் சொல்கிறார்கள், சிகிச்சை என்று சொல்வதில்லை. சிகிச்சை என்றால் வந்தவரைப் பற்றிய மதிப்பீடு உண்டு, இலக்கு உண்டு, குறிப்பேடு உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, இரகசியம் காக்கும் பொறுப்பு உண்டு. பேசி முடிக்க முடியாத துக்கம் அறைக்குள் வந்துவிட்டால் அதோடு கூட உட்காரும் பயிற்சியும் வேண்டும்.

நம் வீட்டில் எல்லாருக்கும் புரிகிற உதாரணம் ஒன்று சொல்கிறேன். தைப்பூசக் காவடியில் காவடி எடுப்பவரைத்தான் கூட்டம் பார்க்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு மாமாவோ அத்தையோ நடந்து வருவார். அவர் தோளில் எதுவும் இல்லை. ஆனால் கண் முழுக்கக் காவடிக்காரரின் காலில் இருக்கும். அடி தளர்ந்தால் தானும் நிற்பார், வேகம் கூடினால் தானும் கூட்டுவார், பாதத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார், முழங்கைக்கு அருகே கையை வைத்திருப்பார், பிடிக்க மாட்டார். சிகிச்சையாளர் அந்தப் பக்கத்தில் நடப்பவர். நேர்த்திக்கடன் அவருடையது இல்லை, பாரமும் அவருடையது இல்லை. உங்களுக்குக் காவடி எடுக்கத்தான் ஆசையென்றால், மேடையில் ஆடத்தான் ஆசையென்றால், அதில் தவறே கிடையாது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது, பரதநாட்டியத்தில் பட்டம் வாங்கலாம், நல்ல ஆசிரியராகலாம். அந்த ஆசையைச் சிகிச்சை என்ற பெயரில் நோயாளிகளின் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: கண்ணைப் பழக்குங்கள்

இதற்குக் காசு வேண்டாம், அனுமதி வேண்டாம், இன்று மாலையே தொடங்கலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ருடால்ஃப் லாபான் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அசைவைப் படிக்க ஒரு முறையை வகுத்தார். பின்னால் வந்தவர்கள் அதை விரித்தார்கள். எங்கள் படிப்பில் அது அரிச்சுவடி. ஓர் அசைவைப் பார்த்ததும் நான்கு கேள்வி கேட்பீர்கள். அதில் எடை எவ்வளவு, அழுத்தமா இலேசா? நேரம் எப்படி, சட்டென்றா நிதானமாகவா? இடம் எப்படி, ஓர் இலக்கை நோக்கி நேராகவா, சுற்றிச் சுழன்றா? ஓட்டம் எப்படி, தடையில்லாமலா, இழுத்துப் பிடித்தா?

ரோஸ்-ஹில்லில் மெட்ரோ ஏறி போர்ட் லூயி போகும் நேரம் போதும். ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். பையை மடியில் வைத்திருக்கும் அம்மாள் அதை எப்படிப் பிடித்திருக்கிறார்? மூச்சு நெஞ்சில் நிற்கிறதா, வயிறு வரை இறங்குகிறதா? வண்டி நிற்கும்போது உடல் முன்னால் போகிறதா, முன்பே தயாராகிவிடுகிறதா? இறங்கியதும் நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள். ஒரே ஒரு விதி: 'சோகமாக இருந்தார்' என்று எழுதக் கூடாது. 'தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன, கட்டைவிரல் பையின் வாரைத் தேய்த்துக்கொண்டே இருந்தது' என்று எழுத வேண்டும். சோகம் நாம் போட்ட முடிவு. தோளும் விரலும் நாம் கண்டவை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாதவருக்கு முதுகலையில் முதல் பருவமே கடினமாகிவிடும். நானே முதல் மாதம் முழுக்கச் சிவப்பு மையால் அடி வாங்கினேன்.

பரதம் படித்த பிள்ளைக்கு இதில் ஒரு நன்மையும் ஒரு தடையும் உண்டு. நன்மை, நம் கண் ஏற்கெனவே கூர்மையானது. முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி ஒரு விரற்கடை ஏறினாலும் தெரிந்துவிடும். தடையும் அதே கண்தான். அது எப்போதும் பிழையைத் தேடும். தட்டுக்கழியோடு உட்கார்ந்து பழகிய என் கண்ணுக்கு, முதல் ஆண்டு முழுக்க எந்த உடலைப் பார்த்தாலும் திருத்தத்தான் தோன்றியது.

அது எனக்கு எங்கே உடைந்தது என்று சொல்கிறேன். படிப்பு முடித்துத் திரும்பிய புதிதில் ஒரு மையத்துக்குப் போய்வந்தேன். அங்கே ஒன்பது வயதுப் பையன் ஒருவன். பேச மாட்டான். அறைக்குள் வந்ததும் சுவரோரமாகவே நடப்பான், வலது கை நடுவிரலால் சுவரில் தட்டிக்கொண்டே போவான். முதல் நாள் நான் சொன்ன வட்டத்துக்கு அவன் வரவில்லை. இரண்டாம் நாள் அவன் கையைப் பிடித்து அழைத்தேன். அவன் போட்ட கூச்சலில் மற்ற பிள்ளைகளும் கலைந்துபோனார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூன்றாம் வாரம் வட்டத்தை விட்டேன். அவனுக்கு எதிர்ச் சுவருக்குப் போய் நானும் நடந்தேன், நானும் நடுவிரலால் தட்டினேன். அவன் இரண்டு தட்டினால் இரண்டு, நிறுத்தினால் நிறுத்தம். பத்து நிமிடம் அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒருமுறை நிறுத்தினான், நானும் நிறுத்தினேன். அவன் மூன்று தட்டினான். நான் மூன்று தட்டினேன். அவன் முகம் திரும்பவில்லை, ஆனால் நடை நின்றுவிட்டது. அடுத்த தட்டு வருவதற்குள் நீளமான ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அவன் காத்துக்கொண்டிருந்தான். எனக்காகக் காத்திருந்தான். அதற்கடுத்த வாரம்தான் அவன் சுவரை விட்டு ஓரடி விலகினான்.

பத்து ஆண்டு நட்டுவாங்கத்தில் நான் கற்ற தாளம் எதுவும் வீண்போகவில்லை. ஆனால் அந்த அறையில் தாளம் போட்டவன் அவன், நான் பின்தொடர்ந்தவள்.

மூன்றாம் படி: உங்கள் உடலுக்கு இன்னொரு மொழி

ஒரே ஒரு நடனம் மட்டும் தெரிந்தவர்கள், அது எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும், அடுத்த ஓராண்டில் தமக்குச் சிறிதும் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்தைத் தொடக்க மாணவராகப் போய்க் கற்க வேண்டும். நம் ஊரில் அதற்கு எளிதான வழி சேகா. மொரீசியஸின் பழைய சேகா 2014-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பாதம் தரையை விட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும், இடுப்பு பேச வேண்டும். தட்டடவில் தரையை அறைந்து பழகிய நமக்கு அது எவ்வளவு கடினம் என்று போனால்தான் தெரியும். சேகாவுக்கு அடிக்கும் ரவான் பறையின் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, சத்தம் சரியாக வந்த பிறகே ஆட்டம் தொடங்கும். அந்தக் காத்திருப்பும் பாடம்தான்.

இதை அழகுக்காகச் சொல்லவில்லை. உங்களிடம் வரப்போகிறவர்கள் எல்லாரும் தமிழ் வீட்டிலிருந்து வரப்போவதில்லை. மறதி நோய் உள்ள ஒரு பாட்டி என் குழுவில் இருந்தார். நாற்காலியில் சாய்ந்தபடி எதற்கும் அசைய மாட்டார். நான் கொண்டுபோன மெல்லிசை ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் உதவிக்கு வந்த பெண் ரவானில் சும்மா ஒரு தாளம் போட்டாள். பாட்டியின் இடது காலின் கட்டைவிரல் செருப்புக்குள் எழுந்து விழுந்தது, எழுந்து விழுந்தது. அந்த ஒரு விரலிலிருந்துதான் அன்றைய வேலையைத் தொடங்கினோம். எனக்கு சேகா தெரியாமல் இருந்திருந்தால் அது தாளத்துக்கு விழும் விரல் என்றே தெரிந்திருக்காது.

யோகா, தாய்ச்சி, தற்கால நடனம், எதுவானாலும் சரி. புதிதாய்க் கற்கும்போது ஏற்படும் வெட்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை அறைக்கு வருகிறவர் ஒவ்வொரு முறையும் அந்த வெட்கத்தோடுதான் வருகிறார்.

நான்காம் படி: பள்ளியிலும் பட்டப்படிப்பிலும்

எச்.எஸ்.சி.யில் இந்தப் பாடம்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உயிரியல் எடுத்தால் பின்னால் உடற்கூறியல் எளிதாகும். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் நன்றாக எழுத வர வேண்டும், ஏனென்றால் முதுகலையில் எழுத்துவேலை ஆட்டத்தைவிட அதிகம். தமிழை ஒரு பாடமாக வைத்திருக்கிறவர்கள் விட்டுவிடாதீர்கள். முதியவர்களிடம் பழைய தாலாட்டின் ஒரு வரி திறக்கும் கதவை வேறெதுவும் திறப்பதில்லை.

பட்டப்படிப்புக்குத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். வெளிநாட்டு முதுகலைப் படிப்புகள் பொதுவாக இரண்டு பக்கத்தையும் பார்க்கும்: ஒரு பக்கம் நடன அனுபவம், மறுபக்கம் உளவியல் அல்லது அதற்கு நெருங்கிய படிப்பு. ஒன்றில் பட்டம், மற்றொன்றில் நல்ல அடித்தளம் என்று போனால் வாய்ப்பு உண்டு. ரெடுயியில் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல், சமூகப்பணி போன்றவற்றில் பட்டம் படித்துக்கொண்டே மாலையில் நடனத்தைத் தொடர்வது ஒரு வழி. மகாத்மா காந்தி நிறுவனத்தில் பரதநாட்டியப் பட்டம் படித்துவிட்டு, உளவியல் பாடங்களைத் தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் இரண்டுமே நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும்.

என் கருத்தைக் கேட்டால் முதல் வழி. காரணம் சாப்பாடு. திரும்பி வந்ததும் 'நடன அசைவுச் சிகிச்சையாளர் தேவை' என்ற விளம்பரத்துக்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பீர்கள். சமூகப்பணியாளராக, உளவியல் படித்தவராக, சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கான ஆசிரியராக ஒரு வேலைக்குள் நுழைந்து, அதற்குள் அசைவைக் கொண்டுவருவதுதான் இங்கே நடக்கிற காரியம். இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை படித்தவர்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும். அரைமண்டியில் இரண்டு காலிலும் எடை சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறோமே, அதைப்போலத்தான்.

பட்டப்படிப்புக் காலத்தில் வளர்ச்சி உளவியல், மனநோய் பற்றிய பாடம், குழுக்கள் இயங்கும் விதம், உடற்கூறியல் என்று எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத் தாளையும் மதிப்பெண் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் விண்ணப்பத்தில் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: உதவியாளராகப் போங்கள்

வாரத்துக்கு ஒரு நாள், குறைந்தது ஆறு மாதம். மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கான அப்பேம், ஓத்தீஸ்ம் மொரீஸ், அல்சைமர் சங்கம் போன்ற அமைப்புகள் நம் தீவில் உள்ளன. உங்கள் ஊரிலேயே முதியோர் இல்லமும் இருக்கும். கடிதம் எழுதி, பொறுப்பாளரைப் பார்த்துக் கேளுங்கள். கேட்கும்போது 'நடனச் சிகிச்சை செய்ய வருகிறேன்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தத் தகுதி உங்களுக்கு இன்னும் இல்லை. 'உதவிக்கு வருகிறேன், பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். சாப்பாடு ஊட்டச் சொன்னால் ஊட்டுங்கள், நாற்காலி தள்ளச் சொன்னால் தள்ளுங்கள். ஒருவர் கரண்டியை நோக்கி வாயைத் திறக்கும் நேரமும் அதற்கு நீங்கள் கையை நகர்த்தும் நேரமும் பொருந்தி வருவது இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம்.

ஒரு எச்சரிக்கை. பரதம் தெரியும் என்றதும் ஆண்டு விழாவுக்கு ஒரு ஆட்டம் தயார் செய்யச் சொல்வார்கள். எனக்கும் நடந்தது, ஓரிடத்தில். நானும் மறுக்கத் தெரியாமல் ஒத்துக்கொண்டேன். மூன்று மாதம் பிள்ளைகளோடு பொறுமையாகக் கட்டிய நம்பிக்கை, 'கை மேலே, கை மேலே' என்று ஒத்திகையில் இரண்டு வாரம் கத்தியதில் கரைந்தது. விழாவில் கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு சிறுமி அறைக்குள் வர மறுத்தாள். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோருக்கு அது பெரிய சந்தோஷம். அதை இன்னொருவர் நடத்தட்டும், நீங்கள் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள்.

போபாசானில் உள்ள மனநல மருத்துவமனை பிரவுன்-செக்கார் என்ற மருத்துவ அறிஞரின் பெயரைத் தாங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் 1817-இல் போர்ட் லூயியில் பிறந்தவர் என்பதும், முதுகுத்தண்டின் ஒரு பாதி அறுபட்டால் ஒரு பக்கம் அசைவும் மறுபக்கம் வலியை, சூட்டை உணரும் திறனும் போகும் என்று கண்டு சொன்னவர் என்பதும் பலருக்குத் தெரியாது. அசைவும் உணர்வும் தனித்தனிப் பாதையில் ஓடுகின்றன என்பதை உலகத்துக்குக் காட்டியவர் நம் மண்ணில் பிறந்தவர். நேர்காணலில் உங்கள் நாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லிக்கொள்ள நல்ல செய்தி.

ஆறாம் படி: சிறு பயிற்சி, பிறகு முதுகலை

உதவியாளர் வேலை பிடித்துப்போனால், அடுத்தது ஒரு குறுகிய பயிற்சி. இந்தியாவில் இதற்கு நல்ல மரபு வளர்ந்திருக்கிறது. திரிபுரா கஷ்யப் அங்கே முன்னோடி. சோஹினி சக்ரவர்த்தி 2004-இல் தொடங்கிய கொல்கத்தா சன்வேத், கடத்தலிலிருந்து மீண்ட பெண்களோடு அசைவின் வழியே வேலை செய்து பெயர் பெற்றது. மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து பட்டயப் படிப்பும் நடத்தியிருக்கிறது. பரதம் தெரிந்த நமக்கு அந்தச் சூழல் சொந்தமாகத் தோன்றும். ஆனால் சான்றிதழ்ப் படிப்பு வேறு, முதுகலை வேறு. சில வாரப் பயிற்சி முடித்துவிட்டு அட்டையில் சிகிச்சையாளர் என்று அச்சடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அடிபட்ட மனதோடு வருகிறவர் அந்த அட்டையை நம்பித்தான் வருவார்.

முதுகலைக்கு எங்கே போவது? பிரிட்டனில் ரோஹாம்ப்டன், கோல்ட்ஸ்மித்ஸ் போன்ற இடங்களில் 'நடன அசைவு உளச்சிகிச்சை' என்ற பெயரில் இருந்துவந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகம், அமெரிக்காவில் லெஸ்லி, டிரெக்சல் போன்றவை. பிரெஞ்சில் வசதியுள்ளவர்கள் பிரான்சில் 'தான்ஸ்-தெராப்பி' என்று தேடிப் பாருங்கள். இந்தப் படிப்புகள் சிறியவை, ஓராண்டு ஆள் எடுப்பார்கள், அடுத்த ஆண்டு நிறுத்துவார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டில் சேர்க்கை உண்டா என்று நேரடியாக எழுதிக் கேட்காமல் திட்டம் போடாதீர்கள்.

எழுதும்போது கேட்க வேண்டியவை சில. இந்தப் படிப்பை எந்தத் தொழில்முறைச் சங்கம் அங்கீகரிக்கிறது? மேற்பார்வையோடு செய்யும் களப்பயிற்சி எத்தனை மணி நேரம்? அமெரிக்கச் சங்கத்தின் பதிவுக்கு முதுகலையோடு 700 மணி நேரம் வேண்டும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஐம்பது மணி நேரப் பயிற்சி தரும் இடத்தை அடையாளம் கண்டுவிடலாம். களப்பயிற்சி இடத்தை அவர்களே தருவார்களா, நாமே தேட வேண்டுமா? படிப்புக் காலத்தில் மாணவரும் சிகிச்சைக்குப் போயாக வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. அந்தச் செலவு கட்டணத்துக்குள் வருமா, வெளியேயா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கத் தவறினேன். அந்த ஆண்டு மதியச் சாப்பாட்டைப் பல நாள் தவிர்த்தே சமாளித்தேன்.

பட்டத்தின் சட்டப் பெயரையும் விசாரியுங்கள். நாட்டுக்கு நாடு அது மாறும். பிரிட்டனில் ஓவியம், இசை, நாடகச் சிகிச்சையாளர் என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நடனத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, சங்கத்தின் பதிவுதான் அடையாளம். நமக்குப் பக்கத்தில் உள்ள தென்னாப்பிரிக்காவிலோ கலைச் சிகிச்சையாளர்கள் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்தே தொழில் செய்ய முடியும். படித்த நாட்டிலேயே சில ஆண்டு வேலை செய்யும் எண்ணம் இருந்தால் இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நேர்காணலில் ஆடச் சொல்வார்கள். பரதத்தின் வர்ணம் உருப்படியைத் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் முன்பின் தெரியாத பத்துப் பேரை ஓர் அறையில் விட்டு அசையச் சொல்லிப் பார்ப்பார்கள். நீங்கள் எவ்வளவு அழகாக ஆடுகிறீர்கள் என்பதைவிட, மூலையில் ஒதுங்கி நிற்பவரைக் கவனித்தீர்களா என்பதுதான் அவர்கள் கண்ணில் படும்.

வீட்டில் பேசுவது

"ஆடி வியாதி போகுமா?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஆய்வுகள் இருக்கின்றன. 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு நடனத்தையும் நடன அசைவுச் சிகிச்சையையும் பற்றிய 41 ஆய்வுகளை, 2374 பேரை உள்ளடக்கியது. மனச்சோர்வு, பதற்றம், வாழ்க்கைத்தரம் போன்றவற்றில் நடுத்தர அளவு நன்மை தெரிந்தது. அதே சமயம் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் மனச்சோர்வுக்கு மட்டும் தேடியபோது அவர்களுடைய கண்டிப்பான அளவுகோலுக்குள் 3 ஆய்வுகள், 147 பேர் மட்டுமே தேறினார்கள், உறுதியாகச் சொல்ல அது போதாது என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு வா என்று எந்த நேர்மையான சிகிச்சையாளரும் சொல்ல மாட்டார். மருத்துவரோடு சேர்ந்து செய்யும் வேலை இது. உண்மையைச் சொன்னால் வீட்டார் நம்புவார்கள். என் அம்மா நம்பினார்.

பணத்துக்கு இந்தியாவில் படிப்பதென்றால் மொரீசியஸ் மாணவர்களுக்கு இந்திய அரசின் பண்பாட்டு உறவுகள் மன்றமான ஐ.சி.சி.ஆர். தரும் உதவித்தொகைகள் உண்டு. எந்தெந்தப் படிப்புக்குப் பொருந்தும் என்று தூதரகத்தில் கேளுங்கள். மற்ற நாடுகளென்றால் இரண்டு, மூன்று ஆண்டு இங்கே வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போவதே நல்லது. வயதாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். இருபத்தைந்தில் சேர்கிறவருக்கு இருபத்தொன்றில் சேர்கிறவரைவிட மனிதர்களைத் தெரிந்திருக்கும், ஆசிரியர்களுக்கும் அது பிடிக்கும்.

சின்னத் தீவில் வாயைக் காப்பது

இதைப் பாடப்புத்தகம் சொல்லித்தராது. 12 லட்சத்துக்குச் சற்றே அதிகமான மக்கள் வாழும் தீவு. அதில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? வெள்ளிக்கிழமை கோவிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போது பின்னாலிருந்து ஓர் அத்தை கேட்பார்: "என் தங்கச்சி பையன் உங்கிட்டதானே வர்றான், இப்ப எப்படி இருக்கான்?" அன்பாகத்தான் கேட்கிறார். 'நல்லா இருக்கான்' என்று சொன்னால்கூட, அவன் வருகிறான் என்பதை நீங்கள் உறுதி செய்துவிட்டீர்கள். நான் பழகிக்கொண்ட பதில் இது: "அத்தை, நான் யாரைப் பத்தியும் வெளியில பேசறதில்லை. நாளைக்கு உங்களைப் பத்தி யாராவது கேட்டாலும் இதையேதான் சொல்வேன்." ஒருமுறை முகம் சுருங்கும். அடுத்த முறை அதே அத்தை தன் மகளைத் தானே அழைத்து வருவார்.

தொடுதலும் அப்படியே. நடன வகுப்பில் மாணவியின் முழங்காலைப் பிடித்துத் திருத்துவது நமக்கு இயல்பு. சிகிச்சை அறையில் கேட்காமல் தொடக் கூடாது, சின்னப் பிள்ளையானாலும். கையை நீட்டிக் காத்திருங்கள். அவர் வந்து தொட்டால் தொடட்டும். உதவியாளராகப் போகும் முதல் நாளிலிருந்தே இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளுக்கு

தளர்வான உடை, சத்தமில்லாத செருப்பு. வளையலையும் கொலுசையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், சத்தம் தாங்காத பிள்ளைகள் இருப்பார்கள். வாசனைத் திரவியமும் வேண்டாம். கைபேசி பையின் அடியில் இருக்கட்டும். படம் எடுக்கவே கூடாது. திரும்பி வரும் பேருந்திலேயே நோட்டைத் திறந்துவிடுங்கள், வீடு போனால் பாதி மறந்துவிடும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் கண்ணால் கண்டது மட்டும். இரண்டாவதில் அப்போது உங்கள் உடலில் நடந்தது: எங்கே இறுகியது, எப்போது மூச்சை அடக்கினீர்கள். மூன்றாவதில் அடுத்த வாரம் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம். பெயர் எழுத வேண்டாம், ஓர் எழுத்துகூட வேண்டாம். நான் சின்னச் சின்னப் படம் வரைந்து வைப்பேன். அந்தச் சுவரோரப் பையனுக்கு என் நோட்டில் அடையாளம் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு.